ஊதாப் பூவைப் பார்த்து ஏமாறாதீர்கள்: தோட்டத்தில் தானாக வந்த காட்டு வயலட்டை அடையாளம் காணும் வழி

ஏப்ரல் மாதம் புல்வெளி பச்சை கட்டும் நேரத்தில், வேலியோரத்திலும் மரத்தடியிலும் சின்னச் சின்ன வெற்றிலைகளைக் கொத்தாகச் செருகி வைத்ததுபோல ஒரு செடி தலை நீட்டும். கொஞ்ச நாளில் ஊதாப் பூவும் வந்துவிடும். உடனே போனை எடுத்து மேலிருந்து ஒரு படம், "இது இந்த மண்ணிலேயே பிறந்த வயலட்டா, வெளியிலிருந்து வந்ததா?" என்று ஒரு கேள்வி. அந்த ஒரு படத்தை வைத்துக்கொண்டு யாராலும் உறுதியாகப் பதில் சொல்ல முடியாது, வருஷக்கணக்காக வயலட்டோடு மல்லுக்கட்டுகிறவர்களாலும் முடியாது. ஏனென்றால் வயலட்டில் நிறம்தான் கடைசியாகப் பார்க்க வேண்டிய விஷயம். ஒரே இனம் கரு ஊதாவாகவும் பூக்கும், வெளிர் நீலமாகவும் பூக்கும், சுத்த வெள்ளையாகவும் பூக்கும். நமக்கு வேண்டிய துப்பெல்லாம் பூவுக்குக் கீழேயும் பின்னாலும் உள்ளேயும் இருக்கிறது, மிச்சம் மீதி கோடையில் மண்ணை ஒட்டிக் கிடக்கிறது.

சொந்த மண் என்றால் எந்த மண் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நான் எழுதுவது வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியிலும் நடுப்பகுதியிலும் இயல்பாக வளரும் வயலட்டுகளைப் பற்றி. உலகம் முழுக்க வயோலா பேரினத்தில் 500க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன, அதனால் வேறு இடத்தில் இருப்பவர்களுக்கு இனப்பெயர்கள் மாறும், பார்க்கும் முறை மட்டும் அப்படியே பொருந்தும். கையில் ஒரு 10 மடங்கு கைலென்ஸ் இருந்தால் போதும். அப்புறம் முழங்காலுக்கு அடியில் போட ஒரு பழைய துணி, ஏனென்றால் நின்றபடி பார்த்தால் இந்தச் செடி ஒன்றும் சொல்லாது.

முதலில், இது வயலட்தானா?

ஒரு வருஷம் பூராவும் வயலட் என்று நம்பி நான் தண்ணீர் ஊற்றி வளர்த்தது கார்லிக் மஸ்டர்ட். அடுத்த வசந்தத்தில் அது நெடுநெடுவென்று வளர்ந்து நாலு இதழ் வெள்ளைப் பூ பூத்தபோதுதான் புரிந்தது. முதல் வருஷத்தில் அதன் இலை சிறுநீரக வடிவில், ஓரம் அலை அலையாக, தரையோடு கொத்தாக இருக்கும், பார்த்தால் வயலட்டேதான். இத்தனைக்கும் ஒரு இலையைக் கசக்கி முகர்ந்திருந்தால் பூண்டு வாசனை காட்டிக் கொடுத்திருக்கும். அன்றிலிருந்து எதுவாக இருந்தாலும் முதலில் கசக்கி முகர்கிறேன். வயலட் இலையில் வெறும் பச்சை வாசனைதான் வரும். புதினா மாதிரி ஒரு நெடி வந்து, தண்டு சதுரமாக, இலைகள் எதிரெதிராக ஜோடி ஜோடியாக இருந்தால் அது கிரவுண்ட் ஐவி. இஞ்சி வாசனையோடு, ஓரத்தில் பல்லே இல்லாத ரோமமுள்ள இலைகள் இரண்டிரண்டாக வந்தால் அது வைல்டு ஜிஞ்சர்.

கவனமாகப் பார்க்க வேண்டியது லெஸ்ஸர் செலண்டைன். ஐரோப்பாவிலிருந்து வந்து ஈரமான இடங்களில் பாய் விரித்த மாதிரி பரவும் செடி, பச்சையாகத் தின்றால் நஞ்சு. இலை வயலட்டைவிடப் பளபளப்பாக இருக்கும், பூ மஞ்சளாக எட்டு பத்து இதழ்களோடு இருக்கும், தோண்டினால் வேரில் குட்டிக் குட்டிக் கிழங்குகள் கொத்தாக வரும். வயலட் இலையையும் பூவையும் சாப்பிடலாம் என்று படித்துவிட்டுப் பறிக்கக் கிளம்புபவர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை: பூ வராத கொத்திலிருந்து எதையும் வாயில் வைக்காதீர்கள். வயலட்டிலேயும் வேர்த்தண்டு வேண்டாம், வாந்தி வரும்.

சரி, பூ இல்லாதபோது வயலட்டை எப்படி உறுதி செய்வது? கொத்தின் நடுவில் புதிதாக வரும் இலையைத் தேடுங்கள். அது தட்டையாகவோ விசிறி மடிப்பாகவோ வராது. இரண்டு ஓரங்களும் உள்பக்கமாகச் சுருண்டு, பக்கத்தில் பக்கத்தில் வைத்த இரண்டு குட்டிச் சுருள்களாக வரும், பாதி விரிந்த நிலையில் பார்த்தால் புனல் மாதிரி இருக்கும். அப்படியே காம்பைப் பிடித்துக்கொண்டு கீழே போனால், காம்பின் அடியில் இரு பக்கமும் மெல்லிய செதில் ஒட்டியிருக்கும். மண்ணைக் கொஞ்சம் ஒதுக்கினால் முடிச்சு முடிச்சாக, சின்ன இஞ்சித் துண்டு மாதிரி வேர்த்தண்டு தெரியும். இந்த மூன்றும் இருந்தால் நம்பிக்கையோடு அடுத்த கட்டத்துக்குப் போகலாம்.

பூ இருந்தால் வேலை சுலபம். ஐந்து இதழ்: மேலே இரண்டு, பக்கவாட்டில் இரண்டு, கீழே ஒன்று. பூவைத் திருப்பிப் பாருங்கள், யாரும் செய்யாத வேலை இதுதான். கீழிதழ் பின்பக்கமாக நீண்டு ஒரு குட்டிப் பையாக முடியும். தேன் அதில்தான் இருக்கிறது, கீழிதழில் ஓடும் கருங்கோடுகள் தேனீக்கு அந்தப் பைக்குத்தான் வழி காட்டுகின்றன. பையைச் சுற்றி இருக்கும் ஐந்து பச்சைப் புல்லி இதழ்களும் ஒட்டியிருக்கும் இடத்தைத் தாண்டிப் பின்னால் காது மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். காம்பு நுனியில் கொக்கி போட்டு வளைந்து பூவைத் தொங்கவிட்டிருக்கும், அதே காம்பின் நடுவாக்கில் நூல் போன்ற இரண்டு சின்னச் செதில்கள் இருக்கும். இந்தக் காதும் கொக்கியும் நூல் செதிலும் ஒன்றாகச் சேர்ந்திருந்தால் அது வயலட்தான். ஓரிதழ்த்தாமரையைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த அமைப்பு சட்டென்று பிடிபடும், அதுவும் வயலட் குடும்பம்தான். அதிலும் இதழ் ஐந்துதான், கீழிதழ் ஒன்று மட்டும் பெரிதாக விரிந்து மற்ற நான்கும் சுருங்கிப்போனதால்தான் ஓரிதழ் என்று பெயர் வந்தது. ஜன்னலோரத் தொட்டியில் வளர்க்கும் ஆஃப்ரிக்கன் வயலட்டுக்கும் இந்தக் குடும்பத்துக்கும் பெயரைத் தவிர ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

பூக்காம்பு எங்கிருந்து கிளம்புகிறது?

இந்த ஒரு கேள்விக்குப் பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. விரலால் சருகை விலக்கி, பூவின் காம்பை அடி வரைக்கும் தொடருங்கள். அது நேராக மண்ணுக்குள், வேர்த்தண்டுக்குப் போகிறதா? இலைகளும் தனித்தனிக் காம்போடு அங்கிருந்தே வருகின்றனவா? அப்படியானால் அது தண்டில்லா வயலட். மாறாக, தரைக்கு மேலே ஒரு தண்டு எழுந்து, அதில் இலைகள் மாறி மாறி வந்து, இலைக்கக்கத்திலிருந்து பூக்காம்பு புறப்பட்டால் அது தண்டுள்ள வயலட். சில நேரம் தண்டு குட்டையாக இலைக்குள் ஒளிந்திருக்கும், அதனால்தான் கண்ணால் பார்த்தால் போதாது, விரலை விட்டுத் தடவிப் பார்க்கச் சொல்கிறேன்.

தண்டுள்ளவற்றில் நிறம் கொஞ்சம் உதவும். மஞ்சள் பூ, இதய வடிவ இலை, மர நிழல் என்றால் பெரும்பாலும் வயோலா பியூபசென்ஸ். வெள்ளைப் பூவுக்குத் தொண்டை மஞ்சளாக, இதழின் பின்பக்கத்தில் ஊதாச் சாயல் இருந்தால் வயோலா கனடென்சிஸ். பாலாடை நிறத்தில் ஊதாக் கோடு ஓடி, தண்டில் இலை சேரும் இடத்துச் செதிலின் ஓரம் சீப்புப் பல்லாகக் கிழிந்திருந்தால் வயோலா ஸ்ட்ரையேட்டா. வெளிர் ஊதாப் பூவுக்குப் பின்பை மெலிந்து 1 சென்டிமீட்டருக்கு மேல் நீண்டு வால் மாதிரி இருந்தால் வயோலா ரோஸ்ட்ரேட்டா, இதைத் தவறவிடவே முடியாது. மஞ்சளில் ஒரே ஒரு சிக்கல் உண்டு: வட்ட இலையோடு வரும் வயோலா ரொட்டுண்டிஃபோலியா மஞ்சளாகப் பூக்கும், ஆனால் தண்டு கிடையாது.

தண்டில்லாதவைதான் தலைவலி. தோட்டத்திலும் புல்வெளியிலும் சொல்லாமல் கொள்ளாமல் வந்து உட்காரும் ஊதா வயலட்டுகளில் பெரும்பாலானவை இந்தக் கூட்டம்தான், அதிலும் முக்கால்வாசி வயோலா சொரோரியா. இலத்தீனில் சொரோர் என்றால் சகோதரி. கூடப் பிறந்தவர்கள் மாதிரி மற்ற வயலட்டுகளோடு அப்படி ஒரு முகஜாடை, பெயர் பொருத்தமாகத்தான் இருக்கிறது. இலினாய், விஸ்கான்சின், ரோட் ஐலண்ட், நியூ ஜெர்சி என நான்கு மாநிலங்கள் வயலட்டைத் தங்கள் பூவாக வைத்திருக்கின்றன. புல்வெளிக்காரர்கள் மட்டும் அதைக் களை என்பார்கள்.

தாடியைப் பாருங்கள்

இங்கேதான் லென்ஸ் வேண்டும். பக்கவாட்டு இதழ் இரண்டும் பூவின் தொண்டையைத் தொடும் இடத்தில் வெள்ளை ரோமக் கொத்து இருக்கிறதா என்று பாருங்கள். தாடி என்றுதான் இதைச் சொல்வார்கள். சொரோரியாவில் தாடி நன்றாக அடர்ந்திருக்கும், ஒவ்வொரு ரோமமும் நூல் மாதிரி சீராக நீண்டிருக்கும், கீழிதழில் பொதுவாக ரோமம் இருக்காது. ஈரமான தாழ்வான இடத்தில் வளரும் வயோலா குக்குல்லாட்டாவில் ரோமம் குட்டையாக, நுனி மட்டும் உருண்டு, தீக்குச்சியை வரிசையாக நட்டு வைத்தது போல் இருக்கும். தூரத்திலிருந்தே இன்னொரு வித்தியாசமும் தெரியும்: குக்குல்லாட்டா பூவை இலைக்கு மேலே நல்ல உயரத்தில் தூக்கிப் பிடிக்கும், தொண்டை அடர் நிறமாக இருக்கும், சொரோரியாவின் பூ இலையோடு இலையாகவே நிற்கும். ஆனாலும் நான் தீக்குச்சியைப் பார்க்காமல் நம்புவதில்லை, ஏனென்றால் நிழலில் வளரும் சொரோரியாவும் காம்பை நீட்டும்.

தாடியே இல்லையா? அப்படியென்றால் இலையைப் பாருங்கள். பறவைக் கால் மாதிரி குறுகிய பிளவுகளாகப் பிரிந்து, பூ தட்டையாக விரிந்து, நடுவில் ஆரஞ்சு நிறம் முட்டிக்கொண்டு வெளியே தெரிந்தால் அது வயோலா பெடாட்டா. வறண்ட, மணல் கலந்த, வெயில் விழும் மண்ணில்தான் நிற்கும், உரம் போட்டுத் தண்ணீர் பாய்ச்சும் பாத்தியில் அழுகிவிடும், ஆகவே புல்வெளி நடுவில் அதைப் பார்த்ததாக யாராவது சொன்னால் நான் இரண்டாவது தடவை கேட்பேன். கிட்டத்தட்ட அதே மாதிரி பிளந்த இலையோடு பக்க இதழில் தாடியும் இருந்தால் அது வயோலா பெடாட்டிஃபிடா, புல்வெளிச் சமவெளிகளின் செடி.

இலை வடிவத்தில் மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அம்புமுனை மாதிரி நீண்டு அடியில் மட்டும் பல் இருந்தால் வயோலா சஜிட்டாட்டா. ஈட்டி மாதிரி ஒல்லியான இலையும் சின்ன வெள்ளைப் பூவும் ஈர மணலும் சேர்ந்தால் வயோலா லான்சியோலாட்டா. ஒரு எச்சரிக்கை உண்டு: பிளந்த இலையுள்ள சில இனங்களில் வசந்தத்தில் முதலில் வரும் இலைகள் பிளவில்லாமல் முழு இதயமாகவே வரும், கோடை இலைகளில்தான் பிளவு தெரியும். அதனால் ஏப்ரலில் பார்த்துப் பெயர் வைத்ததை ஜூனில் ஒரு தடவை போய்ச் சரிபாருங்கள். சொரோரியாவுமே அப்படித்தான், பூக்கும்போது இருக்கும் இலையைப்போல் இரண்டு மடங்கு அகலத்தில் கோடை இலை வந்து நிற்கும்போது வேறு ஏதோ செடி என்று தோன்றும்.

வெளியிலிருந்து வந்தவை

"இந்த மண்ணின் வயலட்" என்று சீட்டு ஒட்டி விற்ற ஒரு தொட்டியை ஆசையாக வாங்கி நட்டேன். மூன்றாம் மாதம் பார்த்தால் தாய்ச்செடியிலிருந்து தரைக்கு மேலே ஓடுதண்டுகள் நாலா பக்கமும் கிளம்பி, நுனியில் குட்டிச் செடி வேர் விட்டிருந்தது. அங்கேயே சந்தேகம் வந்துவிட்டது. அது வயோலா ஓடராட்டா, ஐரோப்பாவிலிருந்து வந்த வாசனை வயலட். தண்டில்லாத, ஊதாப் பூப் பூக்கும், தோட்டத்தில் தானாகப் பரவும் வயலட் என்ற மட்டில் சொரோரியாவோடு குழப்பிக்கொள்ள எல்லா வாய்ப்பும் உள்ள செடி. ஓடுதண்டு முதல் துப்பு, சொரோரியா அப்படி நீண்ட ஓடுதண்டு விடாது, வேர்த்தண்டு தடித்து இருந்த இடத்திலேயே கொத்தாகப் பெருகும். அடுத்தது சூல்தண்டின் நுனி. பூவைப் பிய்த்து லென்ஸில் பார்த்தால் ஓடராட்டாவில் அது தூண்டில் முள் மாதிரி வளைந்திருக்கும். வாசனையும் உண்டு, ஆனால் அதில் ஒரு வேடிக்கை இருக்கிறது: முதல் மூச்சில் இனிப்பாக வரும், அடுத்த மூச்சில் காணாமல் போய்விடும், கொஞ்சம் விட்டு முகர்ந்தால் திரும்பி வரும். அந்த மணத்தில் இருக்கும் அயோனோன் என்ற பொருள் மூக்கையே சற்று நேரம் மரக்க வைப்பதால்தான் இப்படி. வாசனையை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுத வேண்டாம், சொந்த மண் வயலட்டுகளிலும் வயோலா பிளாண்டா மாதிரி லேசாக மணப்பவை இருக்கின்றன.

பேன்சி முகத்தோடு வருபவை இன்னொரு கூட்டம். வயலட்டில் பக்க இதழ்கள் கீழ்நோக்கி இருக்கும், அதாவது மேலே இரண்டு, கீழே மூன்று. பேன்சியில் பக்க இதழ்களும் மேல்நோக்கித் திரும்பி, மேலே நான்கு கீழே ஒன்று என்று நிற்கும், முகம் மாதிரித் தெரிவது அதனால்தான். தண்டில் இலையடிச் செதில்கள் இலை அளவுக்குப் பெரிதாக, கிழிந்து கிழிந்து இருக்கும். வயோலா டிரைகலர், வயோலா ஆர்வென்சிஸ் இரண்டும் ஐரோப்பாவிலிருந்து வந்தவை. இதைப் படித்துவிட்டு பேன்சி முகம் என்றாலே பிடுங்கி எறிந்துவிடாதீர்கள், வெளிர் நீலத்தில் பூக்கும் வயோலா பைகலர் இந்த மண்ணின் குட்டிப் பேன்சி. புல்லி இதழைப் பாருங்கள்: ஆர்வென்சிஸில் அது அல்லி இதழ் அளவுக்கு, அல்லது அதையும் தாண்டி நீண்டிருக்கும், பைகலரில் அல்லி இதழ் தெளிவாகப் பெரிதாக இருக்கும்.

நிறத்துக்குத் திரும்பி வருகிறேன், ஏனென்றால் ஏமாறுவது அங்கேதான். சாம்பல் வெள்ளையில் நடுவில் நீல நரம்பு ஓடும் பூவைக் கன்ஃபெடரேட் வயலட் என்பார்கள். வெள்ளையில் ஊதாப் புள்ளி தெளித்த ஃப்ரெக்கிள்ஸ் என்று ஒன்று நாற்றங்காலில் கிடைக்கும். இரண்டும் சொரோரியாவேதான், உடை மாற்றி வந்திருக்கிறது.

கோடையில் மண்ணைக் கிளறுங்கள்

வயலட்டுக்கு இரண்டு வகைப் பூ உண்டு என்பது பலருக்குத் தெரியாது. வசந்தத்தில் நாம் பார்க்கும் பூ தேனீக்களை நம்பிப் பூப்பது. அது முடிந்தபின், கோடை முழுக்க, மொட்டு போலவே இருந்துவிட்டு ஒருநாளும் விரியாத பூக்களை இலைக்கு அடியில் விடும். இதழ் இருக்காது, வண்டு வராது, மூடிய மொட்டுக்குள்ளேயே தனக்குத்தானே மகரந்தம் சேர்த்துக் காய்த்துவிடும். விதையில் பெரும்பங்கு இதிலிருந்துதான் வருகிறது, நாம் பூவை எண்ணிக்கொண்டிருக்கும்போது அது இங்கே குடும்பத்தைப் பெருக்கிக்கொண்டிருக்கிறது. அடையாளம் காண இதைவிட நல்ல துப்பு கிடைக்காது. ஆகஸ்ட் மாதம் இலைகளை ஒதுக்கி, காய் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். சொரோரியாவில் காய்க்காம்பு தரையோடு படுத்திருக்கும், காயில் ஊதாப் புள்ளிகள் இருக்கும், சில சமயம் சருகுக்கு அடியிலேயே புதைந்து வெளிறிக் கிடக்கும். குக்குல்லாட்டாவில் காம்பு நிமிர்ந்து, காய் பச்சையாக இருக்கும். ஓடராட்டாவில் காய் உருண்டையாக, ரோமத்தோடு, மண்ணில் கிடக்கும், வெடித்துச் சிதறாது, எறும்பு வந்து தூக்கிப் போகும். பெடாட்டா இந்த மூடிய பூவை விடுவதே இல்லை.

இத்தனையும் பார்த்த பிறகும் ஒரு செடி எதிலும் பொருந்தாமல் முழிக்கும். அது கலப்பாக இருக்கலாம். தண்டில்லாத ஊதா வயலட்டுகள் ஒன்றோடொன்று தாராளமாகக் கலக்கும். வெர்மான்டில் மிடில்பரி கல்லூரியின் தலைவராக இருந்த எஸ்ரா பிரெய்னர்ட் சந்தேகமான வயலட்டுகளைத் தோட்டத்தில் நட்டு, விதை எடுத்து, பிள்ளைகளை வளர்த்துப் பார்த்தே பல கலப்புகளைப் பிரித்துக் காட்டினார், வட அமெரிக்க வயலட்டுகள் பற்றிய அவருடைய நூல் 1921இல் வந்தது. அவரே அத்தனை வருஷம் செலவழித்தார் என்றால் நாம் ஒரு சனிக்கிழமை காலையில் முடித்துவிட முடியாததில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ரோமமுள்ள செடியும் வழவழப்பான செடியும் ஒரே சொரோரியாவா, இரண்டு இனமா என்பதில் தாவரவியலாளர்களே ஒத்துப்போவதில்லை. "சொரோரியா கூட்டம்" என்று எழுதி வைத்துவிட்டு அடுத்த செடிக்குப் போவேன்.

படம் எடுப்பதானால் ஐந்து படம் எடுங்கள்: பூவின் முகம், பூவின் பக்கவாட்டு (பையும் காதும் தெரிய), இலையின் பின்பக்கம், காம்பு மண்ணில் சேரும் இடம், ஆகஸ்டில் காய். ஒரே செடிக்குப் பக்கத்தில் ஒரு குச்சி நட்டு எண் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் ஏப்ரலில் பார்த்தது எது, ஆகஸ்டில் பார்ப்பது எது என்று குழம்பும். செயலிகள் சொல்லும் பெயரை ஆரம்பமாக வைத்துக்கொள்ளலாம், மேலிருந்து எடுத்த ஊதாப் பூ எதைக் காட்டினாலும் அவை அநேகமாகச் சொரோரியா என்றுதான் சொல்லும், சொரோரியா அவ்வளவு பரவலாக இருப்பதால் பாதி நேரம் அது சரியாகவும் இருந்துவிடும்.

சொந்த மண் வயலட்தான் என்று உறுதியானால், சருகை மட்டும் இலையுதிர் காலத்தில் வாரிக் கொட்டாதீர்கள். கிரேட் ஸ்பாங்கிள்டு ஃப்ரிட்டில்லரி என்ற ஆரஞ்சுப் பட்டாம்பூச்சியின் புழு வயலட் இலையைத் தவிர வேறெதையும் தின்னாது. கோடைக் கடைசியில் வயலட்டுக்குப் பக்கத்தில் இட்ட முட்டை பொரிந்ததும், குட்டிப் புழு ஒரு வாய்கூடத் தின்னாமல் சருகுக்குள் போய்ச் சுருண்டு குளிர்காலம் முழுக்கக் கிடக்கும், வசந்தத்தில் வயலட் துளிர்த்த பிறகுதான் முதல் சாப்பாடு. அதையும் ராத்திரியில்தான் தின்னும், அதனால் இலையில் ஓட்டை மட்டும் தெரியும், ஆளைப் பார்ப்பது கஷ்டம்.

காய் வெடிப்பதை நேரில் பார்க்க ஆசையிருந்தால், ஆகஸ்டில் தலை நிமிரத் தொடங்கிய புள்ளிக் காய் ஒன்றிரண்டைக் கிள்ளி ஒரு கிண்ணத்தில் போட்டு மேசையில் வையுங்கள். மூன்றாகப் பிளந்து மூன்று குட்டிப் படகாக விரியும், படகு காயக் காய அதன் சுவர்கள் நெருங்கி, உள்ளே வரிசையாக உட்கார்ந்திருக்கும் விதைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளித் தெறிக்க விடும். கிண்ணத்தை மூடி வைக்க மறந்த இரவில் டக், டக் என்று ஏதோ சத்தம் கேட்டு எழுந்து விளக்கைப் போட்டேன், காலையில் கூட்டும்போது சோபாவுக்கு அடியிலிருந்தும் வயலட் விதை வந்தது.